பழைய கார்... புதுத் தலைவலி! கிரெடிட் கார்டில் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். டூ வீலரில் நான்கு பேர் போக முடியவில்லை. வயதான அம்மாவை செக்கப்புக்கு அழைத்துப்போக ஒவ்வொரு முறையும் டாக்ஸிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. புது கார் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 'நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டியா ஒண்ணு பார்ப்போம்' என்று வீட்டில் முடிவாகிறது. பல குடும்பங்களில் முதல் கார் இப்படித்தான் வாசலுக்கு வருகிறது.

ஆட்டோ கன்சல்டிங்கில் ஒரு வண்டி பிடித்துப்போகிறது. 'கார்டு இருக்கா சார்? அட்வான்ஸ் மட்டும் தேய்ச்சிட்டுப் போங்க, வேற யாருக்கும் காட்ட மாட்டேன்' என்கிறார் கடைக்காரர். 50,000 ரூபாயை கிரெடிட் கார்டில் கட்டி, மீதியை மறுவாரம் வங்கியிலிருந்து அனுப்பி, வண்டிக்குப் பூஜையும் போட்டாயிற்று. பத்தே நாளில் பானெட்டிலிருந்து புகை வருகிறது. இன்ஜின் வேலை என்கிறார் மெக்கானிக். போன் செய்தால் கடைக்காரர் சொல்லும் பதில் இதுதான்: 'பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும். பார்த்துத்தானே எடுத்தீங்க?'

இந்த பதிலைக் கேட்டதும், 'நம்ம நேரம்' என்று நொந்துகொண்டு, நகையை அடகு வைத்து வண்டியைச் சரிசெய்பவர்கள் நிறைய பேர். அப்படி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பழைய பொருளை வாங்கியவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. கார்டில் கட்டிய தொகைக்கு வங்கி வழியாக இன்னொரு கதவும் இருக்கிறது. அந்தக் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் மூன்று நாள்கள் முக்கியம்

வண்டி நின்றதும் பலரும் செய்யும் காரியம், பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு இன்ஜினைப் பிரிப்பது. அதைச் செய்யாதீர்கள். பாகங்களை மாற்றி, பழையதைத் தூக்கிப் போட்ட பிறகு, 'வாங்கும்போதே இந்தக் குறை இருந்தது' என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. 'உங்க மெக்கானிக்தான் கெடுத்துட்டார்' என்று விற்றவர் தப்பிக்கவும் வழி கிடைத்துவிடும்.

வண்டியை ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள். எரியும் எச்சரிக்கை விளக்கு, ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டர், ஆயில் கசிவு, புகை என எல்லாவற்றையும் போட்டோ, வீடியோ எடுங்கள். பிறகு, அந்த கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்துக்கொண்டாவது போங்கள். முதலில் பரிசோதனைக்கு மட்டும் பணம் கட்டுங்கள். என்ன பழுது, எதனால் வந்தது, எவ்வளவு நாளாக இருந்திருக்கும், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அதே இடத்தில் ஆர்.சி நகலைக் காட்டி, வண்டியின் பழைய சர்வீஸ் விவரத்தையும் கேளுங்கள். இரண்டு வருடங்களுக்கு முன் சர்வீஸுக்கு வந்தபோதே 92,000 கிலோமீட்டர் என்று பதிவாகியிருந்து, இப்போது மீட்டர் 61,000 காட்டினால், உங்கள் கையில் கிடைத்திருப்பது பெரிய ஆதாரம்.

வண்டி ஓடாத நாள்களில் டாக்ஸிக்குச் செலவழித்த ரசீதுகளையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். நஷ்ட ஈடு கேட்கும்போது அவை உதவும்.

யாரிடம் வாங்கினீர்கள்?

உங்கள் உரிமை எவ்வளவு என்பதை இந்த ஒரு கேள்விதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கார் விற்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் வாங்கியிருந்தால், அவர் சிறிய கன்சல்டிங் கடைக்காரராக இருந்தாலும் சரி, ஆன்லைன் நிறுவனமாக இருந்தாலும் சரி, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். சொந்தக் குடும்பத்துக்காக வாங்கியவர் மட்டுமல்ல, தானே ஓட்டிப் பிழைப்பதற்காக வாங்கிய டாக்ஸி டிரைவரும் இந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். வாங்கி விற்று லாபம் பார்க்க வாங்கியவருக்கு இது பொருந்தாது.

பக்கத்துத் தெருக்காரரிடமோ, அலுவலக நண்பரிடமோ, விளம்பரம் பார்த்து முன்பின் தெரியாத ஒரு தனிநபரிடமோ நேரடியாக வாங்கியிருந்தால் நிலைமை வேறு. அவர் வியாபாரி இல்லை. நுகர்வோர் ஆணையத்தின் கதவு அங்கே பெரும்பாலும் திறக்காது. பொய் சொல்லி விற்றிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின்படி சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். மீட்டரைக் குறைத்தது, போலி ஆவணம் கொடுத்தது போன்ற ஏமாற்று வேலைகளுக்குப் போலீஸில் புகார் கொடுக்கலாம். இவை வியாபாரிகளுக்கும் பொருந்தும்.

நடுவில் ஒரு புரோக்கர் இருந்தால் கவனம் தேவை. 'ஏழு நாள் கேரன்டி' என்று வாயால் சொன்னது அவராக இருக்கும். பணம் போனது வேறொருவருக்கு இருக்கும். ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ, அவரைத்தான் முதலில் கேட்க முடியும். ஆன்லைனில் வாங்கியவர்களும் இன்வாய்ஸில் விற்பவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஆன்லைன் விற்பனைத் தளங்கள் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதி.

எது குறை... எது தேய்மானம்?

பழைய காரில் டயர் தேய்ந்திருக்கும். பேட்டரி மாற்ற வேண்டிவரும். பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் எல்லாம் ஆயுள் முடிந்தால் மாற்ற வேண்டியவை. பத்து வருட வண்டியில் இவற்றுக்காகச் சண்டை போட்டால் எடுபடாது. வாங்கும் முன் சாதாரணமாகப் பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறைகளுக்கும் பின்னால் வந்து உரிமை கோருவது கஷ்டம். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

ஆனால், அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், பொருள் விற்பதற்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். மேலோட்டப் பரிசோதனையில் தெரியாத மறைவான குறைக்கு, 'பார்த்துத்தானே எடுத்தீங்க' என்ற வாதம் செல்லாது. வெல்டிங் செய்து ஒட்டப்பட்ட சேஸிஸ், வெள்ளத்தில் மூழ்கிக் கழுவி எடுக்கப்பட்ட வண்டி, குறைக்கப்பட்ட மீட்டர், ஏர்பேக் வெடித்த பிறகு வெறும் மூடி மட்டும் மாட்டியது, நிரந்தரமாகச் சூடாகும் இன்ஜின் ஆகியவற்றைத் தேய்மானம் என்று சொல்ல முடியாது.

நுகர்வோர் சட்டத்தில் 'குறை' என்பதற்கான விளக்கம் இன்னும் விரிவானது. விற்பவர் எந்த விதத்தில் வாக்குறுதி கொடுத்திருந்தாலும், பொருள் அதற்குக் குறைவாக இருந்தால் அது குறைதான். 'சிங்கிள் ஓனர், ஆக்ஸிடென்ட் ஆகாத வண்டி, இன்ஜின்ல கை வைக்கவே வேணாம்' என்று விளம்பரத்தில் போட்ட வரியும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இந்தக் கணக்கில் வரும். அவற்றை அழித்துவிடாதீர்கள். விளம்பரம் இணையத்திலிருந்து எடுக்கப்படும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

இரண்டு விஷயங்களை நுகர்வோர் சட்டம் 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்ற பட்டியலிலேயே வைத்திருக்கிறது. ஒன்று, பில் கொடுக்காமல் இருப்பது. மற்றொன்று, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது. இதற்கான கெடு பில்லில் குறிப்பிடப்பட்டிருக்கும் நாள்கள். எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டைப் பார்த்து மிரள்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டு என்ன செய்யும்?

இணையத்தில் தேடினால், 'கார்டில் ஒரு ரூபாய் கட்டினாலும் முழுத் தொகைக்கும் வங்கியே பொறுப்பு' என்பது போன்ற தகவல்கள் வரும். அது நம் ஊர்ச் சட்டம் இல்லை, பிரிட்டனுடையது. அங்கே 1974-ம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு அட்வான்ஸை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், விற்றவருக்குச் சமமாக கார்டு நிறுவனமும் முழுத் தொகைக்குப் பொறுப்பாகிறது. அங்கே டீலரிடம் வாங்கிய கார் பழுதாக இருந்தால், 30 நாள்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்கும் உரிமையை 2015-ம் ஆண்டின் சட்டம் தருகிறது. லண்டனில் வேலை பார்க்கும் மகனோ மகளோ பழைய கார் வாங்கப்போவதாகச் சொன்னால், அட்வான்ஸையாவது கிரெடிட் கார்டில் கட்டச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டப் பொறுப்பு வங்கிக்கு இல்லை. இங்கே இருப்பது 'சார்ஜ்பேக்'. விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு அமைப்புகள் தங்களுக்குள் வைத்திருக்கும் விதிகளின்படி, பொருள் வந்து சேரவில்லை, சொன்னபடி இல்லை, குறையோடு இருக்கிறது போன்ற காரணங்களுக்காக, கடைக்காரருக்குப் போன பணத்தைத் திரும்ப எடுத்துத் தரும்படி உங்கள் வங்கி மூலம் கேட்கலாம்.

இதில் மூன்று எல்லைகள் உண்டு. முதலாவது, கார்டில் கட்டிய தொகையை மட்டும்தான் கேட்க முடியும். மூன்றரை லட்சம் ரூபாய் காருக்கு 50,000 ரூபாய் கார்டில் கட்டியிருந்தால், இந்த வழியில் அதிகபட்சம் கிடைப்பது அந்த 50,000 மட்டுமே. இரண்டாவது, காலக்கெடு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இது பெரும்பாலும் 120 நாள்கள். வங்கிக்கும் வேலை நேரம் தேவை என்பதால், கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது. மூன்றாவது, கடைக்காரரும் பதில் சொல்வார். நீங்கள் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டை எடுத்துக் காட்டுவார். அதை மீறி ஜெயிக்க உங்களிடம் சர்வீஸ் சென்டர் அறிக்கை இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி இருக்கிறது. சில கடைகளில் ஸ்வைப் மெஷின் அவர்களுடையதாக இருக்காது. பக்கத்து செல்போன் கடையிலோ, உறவினரின் துணிக்கடையிலோ போய்த் தேய்த்துவிட்டு வரச் சொல்வார்கள். அப்படிச் செய்தால், உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட்டில் நீங்கள் துணி வாங்கியதாகத்தான் இருக்கும். காருக்கும் அந்தப் பணத்துக்கும் உள்ள தொடர்பு அங்கேயே அறுந்துவிடுகிறது. கார்டிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்தாலும் இதே கதைதான். கூடவே முதல் நாளிலிருந்தே வட்டியும் ஏறும்.

சார்ஜ்பேக் கேட்பது எப்படி?

வங்கியின் ஆப்பிலோ, கஸ்டமர் கேர் மூலமோ 'டிஸ்ப்யூட்' பதிவு செய்ய வேண்டும். 'என் கார்டை யாரோ திருடிப் பயன்படுத்திவிட்டார்கள்' என்ற பிரிவில் மறந்தும் பதிவு செய்யாதீர்கள். அது பொய்ப் புகாராகிவிடும். 'பொருள் குறையுள்ளது, விவரித்தபடி இல்லை' என்பதுதான் உங்கள் பிரிவு.

பில், டெலிவரி நோட், விளம்பர ஸ்க்ரீன்ஷாட், சர்வீஸ் சென்டர் அறிக்கை, கடைக்காரருக்கு நீங்கள் எழுதிய கடிதம், அவர் அனுப்பிய பதில் ஆகியவற்றை இணையுங்கள். முதலில் கடைக்காரரிடம் தீர்வு கேட்டீர்களா, வண்டியைத் திருப்பித் தர முன்வந்தீர்களா என்று வங்கி பார்க்கும். அதனால், 'வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுத்தில் கேட்டிருப்பது மிகவும் முக்கியம்.

டிஸ்ப்யூட் நடக்கும்போது சில வங்கிகள் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கும். அதை நம்பிச் செலவழித்துவிடாதீர்கள். கடைக்காரர் பக்கம் முடிவானால் அது திரும்ப எடுக்கப்படும். கோபத்தில் கார்டு பில்லைக் கட்டாமல் நிறுத்துவதும் தவறு. பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3 சதவிகிதத்துக்கும் மேல். சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். அட்வான்ஸை இ.எம்.ஐ-யாக மாற்றியிருந்தால், வழக்கு முடியும்வரை தவணையும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

கார்டுதாரர் ஒரு பில் தொகையை ஏற்க மறுத்தால், 30 நாள்களுக்குள் உரிய விளக்கம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி கார்டு நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் விதி. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள்களாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாக முறையிடலாம். தகவலுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால், வங்கி உங்கள் புகாரை முறையாகக் கையாண்டதா என்பதைத்தான் அவர் பார்ப்பார். கார் நல்லதா, கெட்டதா என்று தீர்ப்பு சொல்வது அவர் வேலை இல்லை.

கடைக்காரருக்கு என்ன எழுதுவது?

போனில் சண்டை போடுவதால் பயனில்லை. எழுத்தில் கேளுங்கள். வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இப்படி எழுதினால் போதும்:

'கடந்த ... தேதி உங்கள் நிறுவனத்திடமிருந்து ... என்ற பதிவெண் கொண்ட காரை 3,50,000 ரூபாய்க்கு வாங்கினேன். இதில் 50,000 ரூபாயை கிரெடிட் கார்டிலும், 3,00,000 ரூபாயை வங்கிக் கணக்கு மூலமும் செலுத்தினேன். இன்ஜினில் எந்த வேலையும் இல்லை என்று ... தேதி வாட்ஸ்அப்பில் தெரிவித்திருந்தீர்கள். ... தேதி இன்ஜின் அதிகச் சூடாகி வண்டி நின்றுவிட்டது. இது வாங்குவதற்கு முன்பே இருந்த பழுது என்று கூறும் சர்வீஸ் சென்டர் அறிக்கையை இணைத்துள்ளேன். காரைத் திரும்ப ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 7 நாள்களுக்குள் காரைப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். அல்லது உங்கள் செலவில் பழுதை முழுமையாக நீக்கித் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.'

இதை வாட்ஸ்அப், இ-மெயில் இரண்டிலும் அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வண்டியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால், பணம் கணக்குக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். ஆர்.சி ஏற்கெனவே உங்கள் பெயருக்கு மாறியிருந்தால், அதைத் திரும்ப மாற்றுவதையும் கையோடு முடியுங்கள். வண்டி அவரிடம், ஆர்.சி உங்களிடம் என்று விட்டால், நாளைக்கு அந்த வண்டி செய்யும் விபத்துக்கும் உங்கள் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும்.

நுகர்வோர் ஆணையம்... பயப்பட ஒன்றுமில்லை!

கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அவர்கள் விற்பனையாளரிடம் பேசி சமரசத்துக்கு முயல்வார்கள். அதற்கு அவர் மசியவில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் அடுத்த படி.

'கோர்ட், கேஸ் எல்லாம் நமக்கு எதுக்கு?' என்று தயங்குபவர்களுக்காகச் சில விவரங்கள். பொருளுக்காகக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். 'இ-ஜாக்ரிதி' இணையதளம் மூலம் வீட்டிலிருந்தே புகார் பதிவு செய்யலாம்.

காரைக் கோயம்புத்தூரில் வாங்கினீர்கள், வீடு தஞ்சாவூரில் இருக்கிறது என்றால், தஞ்சாவூரிலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரும் உரிமை 2019-ம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. பிரச்னை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து மூன்று மாதங்களுக்குள், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதங்களுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதல் காலம் ஆகலாம் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். குறையை நீக்கித் தரும்படியும், பணத்தை வட்டியோடு திருப்பித் தரும்படியும், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் நஷ்ட ஈடு தரும்படியும் ஆணையத்தால் உத்தரவிட முடியும். எல்லா வழக்கிலும் முழுப் பணமும் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நீங்கள் ஆறு மாதங்கள் ஓட்டிய வண்டி என்றால், பழுதுச் செலவும் நஷ்ட ஈடும் மட்டும் கிடைக்கலாம்.

சட்ட உதவி தேவைப்பட்டால், உங்கள் மாவட்டக் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. குடும்பத்தலைவி பெயரில் கார் வாங்கிய வீடுகளுக்கு இது பயன்படும்.

ஒரு விஷயத்தை மறைக்காதீர்கள். சார்ஜ்பேக்கில் 50,000 ரூபாய் திரும்பக் கிடைத்திருந்தால், ஆணையத்தில் அதைச் சொல்லி, மீதித் தொகைக்கு மட்டும் கேளுங்கள். ஒரே பணத்தை இரண்டு இடங்களில் வாங்கப் பார்த்தால், உங்கள் உண்மையான புகாரும் சந்தேகத்துக்குள்ளாகும்.

வாங்கும் முன் அரை மணி நேரம்...

இவ்வளவு அலைச்சலும் வேண்டாம் என்றால், பணம் கட்டும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

* கடைக்காரர் பதிவு பெற்றவரா? பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ-விடம் அங்கீகாரச் சான்றிதழ் பெறும் முறை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

* எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். கடன் முடிந்த வண்டி என்றால், வங்கியின் என்.ஓ.சி-யும் ஹெச்.பி கேன்சல் ஆன ஆர்.சி-யும் இருக்க வேண்டும். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

* இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'நோ கிளெய்ம் போனஸ்' எவ்வளவு என்று பாருங்கள். ஐந்து வருடம் கிளெய்மே இல்லாமல் ஓடிய வண்டிக்கு 50 சதவிகிதம் வரை இருக்கும். 'சின்னக் கீறல்கூட விழாத வண்டி' என்று சொல்லிவிட்டு, பாலிசியில் போனஸ் பூஜ்ஜியம் என்றிருந்தால், காரணம் கேளுங்கள்.

* சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, மேட்டுக்கு அடியில் பூஞ்சை வாடை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2015-ல் சென்னையும், 2023 டிசம்பரில் சென்னையும் தென் மாவட்டங்களும் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஆயிரக்கணக்கான வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதை மறக்க வேண்டாம்.

* வண்டியைக் காலையில், இன்ஜின் சூடாகாதபோது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியைச் செலவாக நினைக்காதீர்கள்.

* பில் கேளுங்கள். 'பில் போட்டா ஜி.எஸ்.டி 18 பர்சன்ட் சார்' என்று பயமுறுத்துவார்கள். பதிவு பெற்ற பழைய கார் வியாபாரிக்கு அந்த வரி வண்டியின் முழு விலைக்கும் கிடையாது. அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான்.

* அட்வான்ஸ் ரசீதில், 'வண்டி பரிசோதனையில் சரியில்லை என்றாலோ, கடன் கிடைக்கவில்லை என்றாலோ முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்று எழுதி வாங்குங்கள். கார்டைத் தேய்க்கும்போது, மெஷினில் வரும் பெயரும் பில்லில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

* டெலிவரி நோட்டில் 'உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்கிறேன்' என்று அச்சடித்திருப்பார்கள். அதன் கீழே, கடைக்காரர் வாயால் சொன்னதைப் பேனாவால் எழுதுங்கள்: கிலோமீட்டர் எவ்வளவு, விபத்து இல்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை, இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இத்தனை நாள் பொறுப்பு. எழுதிய இடத்தில் அவர் கையெழுத்தும் சீலும் வேண்டும்.

கடைசியாகச் சொன்ன இந்த ஒரு வேலையைச் செய்து பாருங்கள். நேர்மையான வியாபாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். 'நம்பிக்கை இல்லைன்னா விட்டுடுங்க சார்' என்று ஒருவர் பேனாவைத் தள்ளிவிட்டால், அந்த வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். கார்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்!